என் வளவுக்குள்ளால் போன பால் வண்டி

எங்கள் பாதையில் நடந்த மறியலை நான்தான் தொடங்கி வைத்தேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அதில் முக்கால்வாசி உண்மை. மிச்சத்தை நான் சொல்லாமல் விட்டாலும் ஊரார் சொல்லிவிடுவார்கள், அதுவும் என்னைவிட வடிவாகச் சொல்லுவார்கள். அதனால் நானே எழுதி வைக்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட கை, மெதுவாகத்தான் போகும். எனக்கும் அவசரம் இல்லை.

எங்கள் குடியேற்றத் திட்டம் தர்மபுரத்துக்கு அப்பால் இருக்கிறது. பெரிய ரோட்டிலிருந்து ஒரு கிறவல் மண் பாதை உள்ளே வரும். ஒரு கரையில் வாய்க்கால், மற்றக் கரையில் வீடுகள். வீடும் தோட்டமுமாக என் வளவு மூலை வளவு. பாதை என் முன்வேலியோடு வந்து, மூலையில் தண்ணீர் கீழால் ஓடும் மதகைத் தாண்டித் திரும்பி, பிறகு என் பக்கவேலியோடு காட்டுக்கரைக்குப் போகும். வேலியில் திறந்து மூட இரண்டு படலை, வளைவுக்கு முன்னால் ஒன்று, வளைவுக்குப் பின்னால் ஒன்று. இதை முதலே சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு படலையும் எனக்குச் செய்த வேலை கொஞ்சமல்ல.

பாதையின் முன்பாதியில் இருப்பவர்கள் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வயலுக்காக வந்த எங்கள் ஆட்கள். பின்பாதியில், காட்டோரமாக, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். அவர்கள் மாடு வளர்ப்பவர்கள். எங்களிடம் மாடு இல்லை, பேச்சு நிறைய இருக்கிறது.

டிப்பர் லொறிகள் வரத் தொடங்கியதோடுதான் வில்லங்கம் தொடங்கியது. காட்டுப் பக்கம் கிறவல் அள்ளுகிறார்கள். காலையில் வெறும் டிப்பராக ஓடும், பிறகு நிறைத்துக்கொண்டு ஓடும். நான் காயப்போட்ட வெள்ளைச் சீலை ஒரு நாளில் காவிச் சீலையாகிவிட்டது. ஊரில் எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று கதை வந்தது. சாதத்தில் மண், தேத்தண்ணியில் மண். மதகும் வெடித்து நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. இதெல்லாம் பரவாயில்லை என்று இருந்தோம். ஒரு காலை, பள்ளிக்கூடம் போன பிள்ளை ஒன்றை டிப்பர் உரசுவது போல் கடக்க, பிள்ளை சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்தது. காயம் இல்லை. புத்தகமெல்லாம் ஊறிப்போய், அதைப் பார்த்துப் பிள்ளை அழுத அழுகையில் எங்களுக்கு ரத்தம் கொதித்தது.

அன்று பின்னேரமே பெண்கள் என் முற்றத்தில் கூடினோம். ஆண்கள் ஏற்கெனவே போய்க் கிறவல்காரரைக் கண்டு கதைத்துக் களைத்துப்போயிருந்தார்கள்.

"மறிப்பம்" என்றேன் நான். "சத்தம் போடாட்டி ஆருக்குக் கேக்கும்?"

எதைக் கொண்டு மறிப்பது என்றுதான் கதை இழுபட்டது. கல்லைப் போட்டால் தூக்கி எறிவார்கள் என்றாள் ஒருத்தி. மரத்தை வெட்டிப் போட்டால் மரம் வெட்டியதற்கு வேறு வழக்கு வரும் என்றாள் இன்னொருத்தி.

"நாங்கள் குறுக்கால படுப்பம்" என்றது ஒரு குரல்.

"படுக்கலாம். பிறகு உவவை ஆர் எழுப்பிறது?" என்று என்னைக் காட்டினாள் பக்கத்து வீட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தது போல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அந்தச் சிரிப்பை அடக்க வேண்டுமென்ற வீம்பில்தான் எனக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும். "நடுப்பாதையில பொங்கல் பானையை ஏத்துவம்" என்றேன். "அடுப்பில ஏறின பானையைப் பொங்க முன்னம் இறக்க எவனுக்குத் துணிவு இருக்குது எண்டு பாப்பம். டிப்பர்காரனும் பெத்த தாய்க்குப் பிள்ளைதானே."

 முற்றம் முழுக்கக் கைதட்டல். கலியாணத்தன்று கூட எனக்கு அப்படிப் பெருமையாக இருக்கவில்லை.

அப்போதுதான் பாதையின் கடைசி வீட்டுக்காரி வாயைத் திறந்தாள். மலையகத்துப் பெண், என்னைவிடச் சில வயது இளையவள். புருஷன் இல்லை, மாடுகள்தான் குடும்பம். முழங்கால் வாதம் அவளுக்கு, ஒரு காலை இழுத்துத்தான் நடப்பாள்.

"அக்கா, பாலு வண்டி?" என்றாள்.

பால் சேகரிக்கும் சின்ன லொறி தினமும் காலையில் காட்டுக்கரை வரைக்கும் போய் வீட்டு வீட்டாகக் கேன்களை ஏற்றி வரும். மதகுப் பள்ளத்தில் இறங்கி ஏறுவதற்கே அந்தச் சாரதி முகத்தைச் சுளிப்பவன். இன்னொரு தடவை பாதையில் மாட்டுப்பட்டால் இனி உள்ளே வரமாட்டேன், பெரிய ரோட்டுக்குக் கொண்டுவந்து தாருங்கள் என்று சொல்லியிருந்தானாம். அந்த முழங்காலோடு அவ்வளவு தூரம் கேன் தூக்கிக்கொண்டு அவள் எங்கே போவது?

"அவன் வரமுன்னம் பொங்கி இறக்கியிடுவன் பிள்ளை" என்றேன். "நான் பொங்காத பொங்கலே?"

அவள் பொங்கலுக்குப் பால் தருவதாக மட்டும் சொன்னாள்.

மறுநாள் விடிய, மதகுக்குப் பக்கத்தில், வளைவின் நடுவில் கல் வைத்துப் பானையை ஏற்றினோம். சின்னப் பானை போதும் என்றார்கள். போராட்டத்துக்குச் சின்னப் பானையா? என் வீட்டில் இருந்த மிகப் பெரிய பானையை இறக்கினேன். படம் எடுப்பவர்களும் வருவார்கள் என்று ஒரு எண்ணம். கழுத்து வரைக்கும் தண்ணீரும் பாலும். விறகு என் வீட்டுக்குப் பின்னால் கோடியில் அடுக்கியிருந்த விறகுதான். முதல்நாள் மாலை ஒரு மழை தூறியதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

டிப்பர்கள் வந்தன. நாங்கள் பானையைச் சுற்றி நின்று, கையிலிருந்த கரண்டி அகப்பையை எல்லாம் தூக்கிக் கத்தினோம். முதல் டிப்பர்காரன் இறங்கினான். சண்டைக்கு வருகிறான் என்று நான் சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினேன். அவன் பானையைக் கண்டான், செருப்பைக் கழற்றினான், நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டான்.

"எப்ப அம்மா பொங்கும்?"

"பானையிட்டக் கேள்" என்றேன்.

அவன் போய் டிப்பரின் நிழலில் குந்திவிட்டான். அடுத்தவனும் அப்படியே. என் யோசனை பலித்ததில் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. கதிரை ஒன்றை எடுப்பித்துப் பானைக்குப் பக்கத்தில் போட்டு இருந்துகொண்டேன்.

பொலிஸ் வந்தது. சிங்களம் பேசும் அதிகாரி, நல்ல மனிதர், தமிழைத் தேடித்தேடிப் பேசுவார். அவரும் பானையைக் கண்டதும் நின்றுவிட்டார். குனிந்து சப்பாத்தைக் கழற்றி, மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, காலுறையோடு கிறவலில் மெல்ல மெல்ல மிதித்து வந்தார். முள்ளுக் குத்தியிருக்கும், முகத்தில் காட்டவில்லை.

"அம்மே, கத்துங்க. கத்தலாம். அது உங்கட உரிமை. ஆனா பாதை எல்லாருக்கும் தானே? ஒரு ஓரமா வைக்க ஏலாதா?"

"வைச்ச அடுப்பை மாத்தக் கூடாது ஐயா."

"அப்ப எப்ப முடியும்?"

"பொங்கினாப் பிறகு."

அவர் பானைக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் வாய்க்கால் தண்ணீர் போலச் சும்மா கிடந்தது. புகைதான் வந்தது, எல்லாம் என் கண்ணுக்குள். குந்தியிருந்து ஊதினேன். சாம்பல் எழும்பி முகத்தில் அப்பியது. "அம்மே, நான் ஊதவா?" என்று அவரும் குனிந்து ஊதினார். சீருடையோடு ஒரு பொலிஸ் அதிகாரி எங்கள் மறியலுக்கு அடுப்பு ஊதியதை நான் பார்த்தேன். அவரால் முடிந்ததும் புகைதான்.

அந்த நேரத்தில்தான் டிப்பர்களுக்குப் பின்னால் பால் வண்டியின் ஹோர்ன் கேட்டது.

சாரதி இறங்கி வந்தான். "நான் அப்பவே சொன்னனான்" என்றான். "இஞ்ச நிண்டு நிண்டு அங்க எனக்குப் பால் பழுதாப் போனா ஆர் பொறுப்பு? கொஞ்ச நேரம் பாப்பன். இல்லாட்டித் திரும்பிப் போறன். நாளையில இருந்து பெரிய ரோட்டில நிப்பன், விருப்பமெண்டா அங்க கொண்டாங்கோ."

கடைசி வீட்டுக்காரி அவ்வளவு தூரம் காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தாள். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லலக்கா" என்றாள். "வெயிலு ஏறுனா பாலே சொல்லும்."

அவள் கத்தியிருந்தால் நானும் நாலு கதை சொல்லியிருப்பேன்.  அவளுக்குப் பின்னால் காட்டோரத்துப் பெண்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். பானையை இறக்குவோம் என்றது ஒரு பக்கம். இறக்கினால் ஊருக்கே ஆகாது என்றது மறு பக்கம். கொஞ்ச நேரம் முன்பு டிப்பருக்கு எதிராக ஒன்றாய்த் தூக்கிய அகப்பைகளை இப்போது ஒருத்திக்கு ஒருத்தி நீட்டிக்கொண்டிருந்தார்கள். "பாத்தியளே, மாடில்லாத ஆக்கள் மறியல் வைச்சா இதுதான்" என்று டிப்பர்காரன் ஒருவன் நிழலில் இருந்து பஞ்சாயத்துச் சொன்னான். அவனை நான் பார்த்த பார்வைக்கு ஈர விறகே பற்றியிருக்க வேண்டும், பற்றவில்லை.

நான் இரண்டில் ஒன்று செய்ய வேண்டும். பானையை இறக்கினால் என் மானம் போகும். இறக்காவிட்டால் அவளுடைய பால் வண்டி போகும். இரண்டையும் காப்பாற்ற வழி தேடி நாலு பக்கமும் பார்த்தேன். என் கண்ணுக்கு என் படலைதான் பட்டது.

எழும்பினேன். "பானை அந்த இடத்தை விட்டு அசையாது" என்றேன், எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக. "பால் வண்டி என்ர வளவுக்குள்ளால போகட்டும்!"

சொன்ன கணத்தில் ஒரு ராணி போலத்தான் இருந்தது. அடுத்த கணம், முன்படலைக்கும் பின்படலைக்கும் நடுவில் என் மிளகாய்க் கன்றுப் பாத்தி இருப்பது நினைவு வந்தது. பயிற்றங்கொடிப் பந்தலும் நினைவு வந்தது. ஆனால் சனம் கைதட்டிவிட்டது. கைதட்டிய பிறகு எப்படி மாற்றிச் சொல்வது?

அதிகாரி டிப்பர்களை வாய்க்கால் பக்கம் ஒதுக்கச் சொன்னார். சின்ன லொறி உரசி உரசி முன்னுக்கு வந்து என் படலைக்குள் நுழைந்தது. மிளகாய்ப் பாத்தி போனது. பந்தலின் ஒரு கால் போனது. உடுப்புக் காயும் கொடிக் கயிறு லொறியின் மேல் கம்பியில் மாட்டி அறுந்து, என் பாவாடை ஒன்று வண்டியின் உச்சியில் பறந்தபடி பின்படலையால் வெளியேறி, காட்டுக்கரை வீடு வீடாகப் போய் வந்தது. எங்கள் போராட்டத்துக்குக் கொடி இல்லை என்ற குறை அதோடு தீர்ந்தது.

வண்டி போனதுதான் தாமதம், முன்னால் நின்ற டிப்பர்காரன் எஞ்சினைப் போட்டு மூக்கைப் படலைப் பக்கம் திருப்பினான். "பால் மட்டும்தானோ அம்மா, நாங்களும் உங்கட பிள்ளையள்தானே?" நான் ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். அதிகாரி வந்து, "டேய், இது பாதை இல்ல. அம்மாட வீடு" என்றார். ஆனால் மற்றவர்களை யார் தடுப்பது? பள்ளிக்கூட ஆசிரியை ஸ்கூட்டரில் போனார். மோட்டார் சைக்கிள்கள் போயின. மீன்காரன் என் குசினி வாசலில் நின்று "மீன், மீன்" என்று கூவி, ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். மறித்தது நான், ஆனால் அன்று எங்கள் பாதையில் டிப்பரைத் தவிர எதுவும் நிற்கவில்லை.

கேன்களோடு வண்டி திரும்பியும் என் வளவால் வெளியே போன பிறகுதான் அந்தப் பானைக்கு மனம் இரங்கியது. பொங்கியது. நாங்கள் குரவையிட்டோம். அதிகாரி முதல் பிடி அரிசியைப் போட்டார். வாழையிலையில் பொங்கல் சாப்பிட்டபடியே கிறவல்காரரின் முதலாளியோடு தொலைபேசியில் பேசினார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நேரமும் வரும் நேரமும் டிப்பர் ஓடாது, பாதைக்குத் தண்ணீர் அடிப்பார்கள் என்று முடிவானது. மதகு வேறு அரசாங்கக் கந்தோரின் வேலை, அது தனக்குத் தெரியாது என்றார். பள்ளிக்கூட நேரத்தில் இன்று வரை பெரும்பாலும் டிப்பர் ஓடுவதில்லை. தண்ணீர், அவர்களுக்கு நினைவு வரும் நாட்களில் அடிக்கிறார்கள்.

இதோடு நான் பேனாவைக் கீழே வைத்திருந்தால் எனக்கு நல்ல பெயராய் இருந்திருக்கும்.

மறுநாள் விடிய என் முன்படலையில் ஹோர்ன் அடித்தது. பால் வண்டி.

"அம்மா, அந்த மதகுப் பள்ளத்துக்குள்ள இறங்கினா கேனெல்லாம் சரியுது. உங்கட வளவு நல்ல சமம். இதாலயே போய் வரட்டே? இல்லாட்டி எனக்குப் பெரிய ரோட்டுதான்."

"போம் தம்பி, இதென்ன கேள்வி" என்றேன். கைதட்டல் இன்னும் காதுக்குள் இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் விடிய முன்னம் எழும்பி இரண்டு படலையையும் திறப்பது என் உத்தியோகமாயிற்று. திறந்த படலையால் வண்டி மட்டுமா வரும்? ஆடு வந்தது, கட்டாக்காலி மாடு வந்தது, குறுக்கு வழி கண்ட சனம் எல்லாம் வந்தது. மழை பெய்ய, வளவு நடுவில் இரண்டு பெரிய சில்லுத் தடம் விழுந்து, அதில் தவளை கத்தியது. சந்தையில் ஒருத்தி என்னிடம், "உங்கட ரோட்டுக்கு எப்ப தார் போடுகினம்?" என்று கேட்டாள்.

எனக்கு வெறுத்துப்போனது. புதிதாகக் கத்தரி நட்ட அன்று, இரண்டு படலையையும் சாத்திக் கம்பியால் முறுக்கிக் கட்டினேன். என் வளவு, என் படலை, யாரைக் கேட்க வேண்டும்? வண்டி வந்து ஹோர்ன் அடித்தது. நான் குசினிக்குள் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினேன். அடித்து அடித்துப் பார்த்துவிட்டு அது திரும்பிப் போய்விட்டது.

அடுத்த நாள் விடிய ஒரு சத்தம் கேட்டு எழும்பினேன். படலைக்கு வெளியே பெண்கள். காட்டோரத்துப் பெண்கள் மட்டுமல்ல, என்னோடு அகப்பை தூக்கிய என் பக்கத்து வீட்டுக்காரியும் நின்றாள். முன்னால் கடைசி வீட்டுக்காரி, ஒரு காலை ஊன்றி, ஒரு கையைத் தூக்கி.

"திற, திற!"

"படலையைத் திற!"

நான் படலைக்கு ஓடினேன். பிறகு என் வாயால் வந்தவை எல்லாம் எனக்கே புதிதாக இருந்தன. "சத்தம் போடாதையுங்கோ, அங்கால வீட்டில குழந்தைப்பிள்ளை நித்திரை. பாதையை மறிக்காமல் ஓரமா நில்லுங்கோ. உங்களுக்கு உரிமை இருக்குது, ஆனா எனக்கும் நிம்மதி வேணும்தானே?"

"அக்கா, சத்தம் போடாட்டி யாருக்குக் கேக்கும்னு கூட்டத்துல சொன்னது யாரு?" என்றாள் அவள்.

"அது டிப்பர்காரனுக்கு."

"அவன் ஒரே நாள்ல கேட்டுட்டான். நீங்க நேத்துல இருந்து கேக்கல."

பின்னால் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொலிஸுக்கு எடுப்போமென்று தொலைபேசியைக் கையில் எடுத்தேன். எடுத்து, அந்த அதிகாரியிடம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன். 'ஐயா, ஊர்ப் பெண்கள் கூட்டமாக வந்து மறியல் செய்கிறார்கள்.' எந்தக் குரலில் சொன்னாலும் சரி வரவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு அடுப்பில் கேத்தலை வைத்தேன். வாசலில் நிற்பவர்களைத் தொண்டை வறள விட முடியாதே. தேத்தண்ணித் தட்டோடு நான் வர, அவர்கள் கோஷத்தை நிறுத்தாமல் ஒரு கையால் கோப்பையை வாங்கினார்கள். "திற, திற" என்று அவள் சொல்ல, தட்டைப் பிடித்தபடி நானும் வாய்க்குள் "படலையைத் திற" என்று சொல்லியிருக்கிறேன். எனக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும்.

கடைசி வீட்டுக்காரி தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்துப் பாலைத் தயிராப் போட்டேன். இன்னைக்கும் தயிருன்னா நான் என்னக்கா பண்றது? வண்டிக்காரன் ரோட்டுல நிக்கிறான். இன்னைக்குத் தெறக்கலேன்னா இனி வரமாட்டானாம். வளவு ஒங்களுது, நான் இல்லேன்னா சொல்றேன்? கத்தரிக்காயை மிதிக்கணும்னும் எனக்கு ஆசை இல்ல."

"அப்ப என்னடி செய்யச் சொல்லுறாய்?"

"வேலியை உள்ளுக்குத் தள்ளிக் கட்டுவோம். மூலையில ஒரு துண்டு மட்டும் வண்டிக்கு விடுங்க. மதகு கட்டுற வரைக்கும். வேலி நாங்க கட்டித் தாறோம்."

என் நிலத்தில் ஒரு முழம் விட்டுக்கொடுத்த வரலாறு எனக்கு இல்லை. எல்லைக்கல்லுக்காக என் சொந்தத் தம்பியோடு கதையாமல் இருந்தவள் நான். ஆனால் என் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு என் படலையிலேயே நிற்கிறாள் இவள். அவள் கேட்டதில் பிழை தேடினேன், கிடைக்கவில்லை.

"கம்பியை நல்லா இழுத்துக் கட்ட வேணும்" என்றேன். "ஆடு வந்தால் திரும்பவும் சாத்துவன்."

கம்பி முறுக்கும் குறடு ஒன்றை எடுத்து, நானே முறுக்கிய கம்பியை நானே அவிழ்த்தேன். நேரம் பிடித்தது, அவ்வளவு ஆத்திரத்தில் முறுக்கியிருக்கிறேன். பால் வண்டி கத்தரிக் கன்றுகளைக் கொஞ்சம் சரித்துக்கொண்டு உள்ளே வந்து, காட்டுக்கரைக்குப் போய், கேன்களோடு திரும்பியது. அன்று பின்னேரம் அவர்கள் குழி தோண்ட அலவாங்கோடு வந்தார்கள். நான் கதிரையில் இருந்து பிழை பிடித்தேன். கட்டை சரிவு என்றேன், கம்பி தொய்வு என்றேன். வேலி நேராக வந்ததற்கு நான்தான் காரணம் என்று எனக்கு ஒரு எண்ணம். அவர்களிடம் கேட்கவில்லை.

மதகு இன்னும் கட்டவில்லை. போன கிழமை கடைசி வீட்டுக்காரி வந்து, கந்தோருக்கு முன்னால் போய் நிற்போம் அக்கா, நீங்களும் வாருங்கள் என்றாள்.

"கந்தோருக்குப் பக்கத்தில ஆர் ஆர் இருக்கினம்?" என்று கேட்டேன். "அந்தப் பாதையால என்னென்ன வண்டி போகுது? எத்தினை மணிக்குப் போகுது? முதல்ல அதைப் பாத்துக்கொண்டு வா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னக்கா, பொலிஸ்காரர் மாதிரிப் பேசுறீங்க?"

"வாறன் எண்டுதானே சொல்லுறன்" என்றேன். "கத்தவும் செய்வன். பாத்துக்கொண்டு வா, போ."